ட்ரூயிட் நெறி பற்றிப் படிக்க எந்தப் புத்தகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பேகன்’ என்று அழைக்கப்படும் ஐரோப்பாவின் பழைய சமயங்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அதைத் தெரிந்துகொண்ட நண்பர்களும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதையெல்லாம் சேர்த்து இங்கே வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இந்தத் துறையில் நூல்கள் அநேகமாக ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் தலைப்புகளைத் தேடிப் பார்க்க வசதியாக ஆங்கில ஒலிப்பிலேயே தருகிறேன்.

ட்ரூயிட்னா யாரு? சினிமாவுல வர்ற வெள்ளைத் தாடி மந்திரவாதியா?

அந்தப் பெயரில் இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். முதல் கூட்டம், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கால் நாட்டிலும் (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும்), பிரிட்டனிலும், அயர்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் மக்களின் கற்றோர் குலம். பூசாரி, நீதிபதி, ஆசிரியர் எல்லாம் அவர்களே. இரண்டாவது கூட்டம், 18-ஆம் நூற்றாண்டு முதல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள். இன்று பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் மரங்களையும் பருவங்களையும் கவிதையையும் மையமாக வைத்து ட்ரூயிட் நெறியைப் பின்பற்றுகிறவர்கள் இவர்களே.

இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கும் மேலான இடைவெளி கிடக்கிறது. அதனால் ஒரு நூலைக் கையில் எடுத்ததும், அது எந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த நூலுக்கே அது தெளிவாகத் தெரியவில்லை என்றால் கீழே வைத்துவிடலாம்.

பேகன்னு சொன்னா திட்டுற மாதிரி இல்லையா?

ஒரு காலத்தில் திட்டுதான். லத்தீனில் ‘பகானுஸ்’ என்றால் நாட்டுப்புறத்தான். தங்கள் சமயத்துக்கு வராதவர்களை ரோமானியக் கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லால் அழைத்தார்கள். தமிழில் பழைய மிஷனரி எழுத்துகளில் வரும் ‘அஞ்ஞானி’ என்ற சொல்லுக்கும் அதே தொனி. 20-ஆம் நூற்றாண்டில் பழைய தெய்வங்களை மீண்டும் வணங்க வந்தவர்களே அந்தச் சொல்லை எடுத்துப் பெருமையோடு சூடிக்கொண்டார்கள். ‘பாகன்’ என்று எழுதினால் நமக்கு யானைதான் நினைவுக்கு வரும் என்பதால் ‘பேகன்’ என்றே எழுதுகிறேன்.

ட்ரூயிட் நெறி, விக்கா என்ற இக்காலச் சூனிய நெறி, ஓடினையும் தோரையும் வணங்கும் வடபுல நெறி, லித்துவேனியாவின் ரோமுவா, கிரேக்கத் தெய்வங்களை வணங்குவோர் என்று பலரும் இந்தக் குடைக்கு அடியில் வருகிறார்கள். பொதுவான வேதம் எதுவும் கிடையாது. ஆகவே ‘நல்ல பேகன் புத்தகம் எது?’ என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வழி என்று சேர்த்துக் கேளுங்கள்.

அக்கா, ஒரே ஒரு புத்தகம் வாங்கத்தான் காசு இருக்கு. எது வாங்கலாம்?

பாரி கன்லிஃப் எழுதிய ‘ட்ரூயிட்ஸ்: எ வெரி ஷார்ட் இன்ட்ரொடக்‌ஷன்’ (2010). இவர் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய தொல்லியல் பேராசிரியர். நூல் சட்டைப்பைக்குள் அடங்கும். மண்ணில் கிடைத்தது என்ன, ரோமானியர் எழுதியது என்ன, பிற்காலத்தார் சேர்த்தது என்ன என்று மூன்றையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. பின்பற்றிப் பார்க்கும் எண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்றால் ஃபிலிப் கார்-காம் எழுதிய ‘ட்ரூயிட் மிஸ்டரீஸ்’ (2002). இவர் ஒரு ட்ரூயிட் அமைப்பையே பல வருடம் தலைமை தாங்கி நடத்தியவர். அமைதியான, மிரட்டாத நடை.

இந்தத் துறையின் நூல்களை நான் மூன்று அடுக்காக வைத்திருக்கிறேன்: பழைய மூலங்கள், ஆய்வாளர் எழுதியவை, பின்பற்றுவோர் எழுதியவை. மூன்றும் வேண்டும். ஆய்வு நூலில் வழிபாட்டைத் தேடினால் வறட்சியாக இருக்கும். வழிபாட்டு நூலில் வரலாற்றைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

ட்ரூயிட்களே எழுதின மூல நூல் எங்க கிடைக்கும்? பிடிஎஃப் இருந்தாலும் பரவாயில்லை.

எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. தங்கள் போதனைகளை எழுத்தில் வைப்பது முறையல்ல என்று அவர்கள் கருதினார்கள் என ஜூலியஸ் சீசர் தன் கால் நாட்டுப் போர்க் குறிப்புகளின் 6-ஆம் பகுதியில் சொல்கிறார். மற்றக் காரியங்களுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தியவர்கள்தான், ஆனால் பாடம் மட்டும் வாய்மொழி. சிலர் 20 ஆண்டுகள் வரை பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டே இருந்தார்களாம். ஆக, ‘ட்ரூயிட்களின் ரகசியச் சுவடி’ என்று அட்டையில் போட்டிருந்தால் அது பொய் என்று அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது.

நமக்குக் கிடைப்பதெல்லாம் வெளியார் எழுதியவை. சீசர், ஸ்ட்ராபோ, பிளினி, டாசிட்டஸ் என்று கிரேக்க, ரோமானிய எழுத்தாளர்கள் நான்கைந்து பேர். அவர்கள் எழுதியதை எல்லாம் சேர்த்தாலும் சில பக்கங்கள்தான். பிளினியின் ஒரே ஒரு பத்தியைப் பாருங்கள்: பிறை தோன்றிய ஆறாம் நாள், வெள்ளை உடையணிந்த பூசாரி ஓக் மரத்தில் ஏறித் தங்க அரிவாளால் புல்லுருவியை அறுக்கிறார், கீழே வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்கிறார்கள், இரண்டு வெள்ளைக் காளைகள் பலியாகின்றன. இன்று உலகமெங்கும் ஓவியங்களில் பார்க்கும் ட்ரூயிட் இந்த ஒரு பத்தியிலிருந்து பிறந்தவர்.

அந்தச் சில பக்கங்களை முதலில் நீங்களே வாசித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாலைப்பொழுது போதும். எழுதியவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. சீசர் அந்த நாட்டைப் பிடிக்கப் போனவர். கி.பி. 60 வாக்கில் ஆங்கிள்சி தீவில் ட்ரூயிட்களை ரோமப் படை தாக்கியதை எழுதிய டாசிட்டஸோ, அந்தக் காலத்தில் பிரிட்டனில் படைப்பணி செய்த அக்ரிகோலாவின் மருமகன். கறுப்பு உடையில் தீப்பந்தம் ஏந்தி ஓடும் பெண்கள், கைகளை வானுக்கு உயர்த்திச் சாபமிடும் ட்ரூயிட்கள் என்று அவர் காட்டும் காட்சி மறக்க முடியாதது. ஆனால் அது வென்றவன் சொன்ன கதை.

அப்போ ‘பார்தாஸ்’னு ஒரு பழைய வேல்ஸ் நூல் இருக்கே, அது என்ன?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானே அடிபட்ட இடம் இது. முதல்முறை ஒரு பதிப்பகம் அதை ‘பழங்கால ஞானம்’ என்று அச்சடித்து விற்றதை வாங்கினேன். முன்னுரையில் ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லை. அதிலிருந்த மும்மை வாக்கியங்களை, அதாவது மூன்று மூன்றாக அடுக்கிச் சொல்லும் உபதேசங்களை, நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்தேன். அதன் பிறகுதான் உண்மை தெரிந்தது. மனம் உடைந்துபோனது.

எழுதியவர் எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826). வேல்ஸின் கிளமோர்கனைச் சேர்ந்த கல்தச்சர், கவிஞர், ஏராளமான பழைய கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்தவர். யோலோ மோர்கானுக் என்ற புனைபெயரில் பிரபலமானவர். லாடனம் என்ற அபின் மருந்துக்குப் பழகிப்போனவரும்கூட. தான் எழுதியதைப் பழைய சுவடியில் கண்டதாகச் சொல்வதில் மகா வல்லவர். 14-ஆம் நூற்றாண்டு மகாகவி டாவித் அப் க்விலிம் பாடல்களின் 1789 பதிப்பிலேயே யோலோவின் சொந்தப் பாடல்கள் அந்தக் கவியின் பெயரில் நுழைந்துவிட்டன, அறிஞர்களும் நம்பினார்கள். 1792-இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் ‘கோர்செத்’ என்ற கவிஞர் சபையைக் கூட்டி, அது தொன்றுதொட்டு வரும் ட்ரூயிட் மரபு என்றார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவருடைய தாள்களைத் தொகுத்து 1862-இல் ‘பார்தாஸ்’ வெளிவந்தது. 20-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் அறிஞர் ஜி. ஜே. வில்லியம்ஸ் அந்தத் தாள்களை வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் புனைவுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

அதைக் குப்பையில் போடச் சொல்கிறேனா என்றால், இல்லை. யோலோ பெரிய கவிஞர். அவர் உருவாக்கிய கோர்செத் 1819 முதல் வேல்ஸின் ஐஸ்டெத்வோத் இலக்கிய விழாவோடு இணைந்து இன்றுவரை நடக்கிறது. அவருடைய ‘ட்ரூயிட் வேண்டுதல்’ இன்றும் பல சடங்குகளில் சொல்லப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் படைப்பாக அதை வாசித்தால் அழகாகவே இருக்கிறது. விற்றவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவே என் வருத்தம்.

அப்படின்னா இன்னிக்கு ட்ரூயிட்னு சொல்லிக்கிறவங்க எல்லாரும் ஏமாத்துறாங்களா?

இல்லை. தான் புதிது என்று ஒத்துக்கொள்ளும் வழியில் ஏமாற்று எதுவும் கிடையாது. அமெரிக்காவில் கார்ல்டன் கல்லூரி மாணவர்கள், சர்ச் வழிபாட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்ற விதியை எதிர்த்து 1963-இல் ஒரு ட்ரூயிட் குழுவைத் தொடங்கினார்கள். விதி போன பிறகும் குழு போகவில்லை, பலருக்கு அது உண்மையான வழிபாடாகிவிட்டது. 1964-இல் இங்கிலாந்தில் ராஸ் நிக்கல்ஸ் என்ற கவிஞர் ‘பார்டுகள், ஓவேட்டுகள், ட்ரூயிட்கள் சங்கம்’ அமைத்தார் (பார்டு என்றால் கவிஞர், ஓவேட் என்றால் குறி சொல்பவர்). மேலே சொன்ன கார்-காம் 1988-இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தவர். 1983-இல் ஐசக் பானவிட்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆர் ந்ரீஓக்ட் ஃபேன்’ அமைப்பு, உறுப்பினர்கள் ஆய்வு நூல்களைப் படித்தே ஆக வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்கள்மேல் மதிப்பு.

இந்த வகையில் ஜான் மைக்கேல் கிரியர் எழுதிய ‘தி ட்ரூயிட்ரி ஹேண்ட்புக்’ (2006) எனக்குப் பிடித்த நூல். தன் மரபு 18-ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சியிலிருந்து வந்தது என்று அவர் மறைக்காமல் சொல்லிவிட்டு, இயற்கையை நேரில் கவனிக்கும் பயிற்சிகளுக்குப் போகிறார். நீங்கள் எங்கே இருந்தாலும் செய்து பார்க்கலாம். இந்த வரலாறு முழுவதையும் ஒரே நூலில் வேண்டுமென்றால் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டனின் ‘பிளட் அண்ட் மிசில்டோ’ (2009). தலையணை கனம், ஆனால் இதற்கு மாற்று கிடையாது.

கடையில நின்னுக்கிட்டே ஒரு புத்தகம் நல்லதா கெட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியது யார் என்று அந்த நூல் சொல்வதைப் பாருங்கள். அந்தக் கற்கள் பெரும்பாலும் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. ட்ரூயிட்களைப் பற்றிய எழுத்துச் சான்று அதற்கு இரண்டாயிரம் ஆண்டு கழித்தே தொடங்குகிறது. அதை ட்ரூயிட்கள் கட்டினார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி ஊகித்ததையும், 1740-இல் வில்லியம் ஸ்டூக்லி அச்சிட்டதையும் இன்னும் உண்மை என்று எழுதுகிறவர், இடையில் நடந்த தொல்லியல் எதையும் படிக்கவில்லை.

அடுத்து ‘கெல்டிக் மர நாள்காட்டி’. 13 மாதம், மாதத்துக்கு ஒரு மரம் என்று போட்டு ‘ஆதி ட்ரூயிட் ஜாதகம்’ என்பார்கள். அது 1948-இல் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் ‘தி ஒயிட் காடஸ்’ நூலில் உருவாக்கியது. அவர் அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்துமுறை உண்மையானது, ஆனால் அது கல்வெட்டுகளில் ஆட்களின் பெயரைப் பொறிக்கப் பயன்பட்டது. உண்மையான கெல்ட் நாள்காட்டியைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டால் 1897-இல் பிரான்சில் கிடைத்த கொலின்யி வெண்கலப் பலகையைத் தேடுங்கள்.

சூனியக்காரிகள் என்று ‘90 லட்சம்’ பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்ற எண் இன்னொரு அடையாளம். இன்றைய வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு 40,000 முதல் 60,000 வரை. அதுவே நெஞ்சைப் பிசையும் எண், பெருக்க வேண்டிய அவசியம் இல்லை. பழங்கால அயர்லாந்துச் சடங்கில் உருளைக்கிழங்கு வந்தாலும் மூடிவிடுங்கள். அந்தக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான்.

புராணக் கதைகளும் படிக்கணுமா? எந்த மொழிபெயர்ப்பு நல்லா இருக்கும்?

கட்டாயம் படியுங்கள், உயிர் இருப்பதே அங்கேதான். ஐரிஷ் கதைகளில் ‘டாயின்’ என்ற பெருங்கதை முக்கியம். தாமஸ் கின்செல்லாவின் 1969 மொழிபெயர்ப்பு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. காஃப்வா என்ற ட்ரூயிட் அதில் நாளின் பலன் சொல்வதைக் கேட்டுச் சிறுவன் கூ ஹுலின் ஆயுதம் எடுக்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். வேல்ஸ் கதைகளுக்கு ஷோனெட் டேவிஸின் ‘தி மாபினோகியன்’ (2007). கதைசொல்லியின் குரல் காதில் விழும்படி செய்த மொழிபெயர்ப்பு. ஓக், புரூம், மெடோஸ்வீட் பூக்களிலிருந்து ஒரு பெண்ணையே படைக்கும் கதை அதில்தான் வருகிறது.

இவற்றை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள், பலர் துறவிகள். ஐரிஷ் கதைகளின் மிகப் பழைய பெரிய சுவடி 12-ஆம் நூற்றாண்டு, வேல்ஸ் கதைகளின் முழுச் சுவடிகள் 14-ஆம் நூற்றாண்டு. எனவே பழைய தெய்வங்கள் எவ்வளவு பழையபடி இருக்கின்றன என்பதே ஒரு பெரிய கேள்வி. அதற்கென்றே மார்க் வில்லியம்ஸ் ‘அயர்லண்ட்ஸ் இம்மார்ட்டல்ஸ்’ (2016) எழுதியிருக்கிறார். கதைகளை முடித்துவிட்டு அதைப் படியுங்கள், முன்னால் வேண்டாம்.

விக்காவும் இதுவும் ஒண்ணுதானே?

பக்கத்து வீடு. விக்காவை உலகுக்கு அறிவித்தவர் ஜெரால்ட் கார்ட்னர். பிரிட்டனில் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, 1954-இல் ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ வெளியிட்டார். நம் பக்கத்து மண்ணையும் மிதித்தவர் அவர். இளவயதில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும், பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டத்திலும் சுங்கத்துறையிலும் வேலை பார்த்துவிட்டு 1936-இல்தான் ஓய்வு பெற்றார். ராஸ் நிக்கல்ஸும் அவரும் நண்பர்கள். விக்காவும் ட்ரூயிட் நெறியும் இன்று ஒரே எட்டுப் பருவ விழாக்களைக் கொண்டாடுவதில் அந்த நட்புக்குப் பங்கு உண்டு.

வரலாற்றுக்கு ஹட்டனின் ‘தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்’ (1999). உள்ளிருந்து எழுதியதற்கு கார்ட்னரோடு இருந்த டோரீன் வாலியன்டியின் ‘தி ரீபர்த் ஆஃப் விட்ச்கிராஃப்ட்’ (1989), மிக நேர்மையான நூல். தனியாகச் செய்து பார்ப்பவர்கள் ஸ்காட் கன்னிங்ஹாமின் 1988 கையேட்டில் தொடங்குகிறார்கள். எளிமையானது, கெடுதல் இல்லாதது.

எனக்கு தோர், ஓடின் பக்கம்தான் ஈர்ப்பு. அதுக்கு என்ன படிக்கட்டும்?

நீங்கள் கொடுத்து வைத்தவர், மூலங்கள் ஏராளம். ஐஸ்லாந்து கி.பி. 1000 வாக்கில் மதம் மாறினாலும் பழைய பாடல்களை விடவில்லை. அந்தத் தெய்வக் கதைகளைச் சொல்லும், 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட எட்டாப் பாடல்களுக்கு கரோலின் லாரிங்டனின் மொழிபெயர்ப்பு, ஸ்னோரி என்ற ஐஸ்லாந்து அறிஞரின் உரைநடை எட்டாவுக்கு ஆன்டனி ஃபோக்ஸின் மொழிபெயர்ப்பு. இவை இரண்டும் இருந்தால் வருடக்கணக்கில் ஓடும். 1972-இல் விவசாயியும் கவிஞருமான ஸ்வேன்பியர்ன் பெயின்டெய்ன்சன் முதலானோர் ஐஸ்லாந்தில் தொடங்கிய, இந்தப் பழைய தெய்வங்களை வணங்கும் ஆசாட்ரூ சங்கம் அடுத்த வருடமே அரசு அங்கீகாரம் பெற்றது.

ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘வட ஐரோப்பிய இரத்தம் உள்ளவருக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள்’ என்று எழுதும் இனவெறி நூல்கள் நல்ல அட்டைகளோடு கலந்து கிடக்கின்றன. இரத்தம், மூதாதை, தூய்மை என்று அடிக்கடி வந்தால் வாங்காதீர்கள்.

காசு செலவில்லாம எவ்வளவு தூரம் படிக்கலாம்?

நிறைய. சீசர், பிளினி, டாசிட்டஸ் மூவரும் பழைய மொழிபெயர்ப்புகளில் இணையத்தில் இலவசம். ஐரிஷ் மூலங்களை கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி தன் மின்தொகுப்பில் வைத்திருக்கிறது. ஃபோக்ஸின் எட்டா மொழிபெயர்ப்பை வடபுல ஆய்வுக்கான வைகிங் சங்கம் இலவசமாகவே தருகிறது. காப்புரிமை முடிந்த நூல்களில் ஒரு சிக்கல் உண்டு: இலவசமாகக் கிடைப்பவற்றில் பாதி, பிற்காலத்தில் தவறு என்று தெரிந்தவை. சூனியக்காரிகள் எல்லாம் ஒரு பழைய சமயத்தின் மிச்சம் என்று 1921-இல் மார்கரெட் மர்ரே எழுதியதை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ‘பார்தாஸ்’ கூட இலவசம்தான், ஆனால் ஐந்தாவது பதிலை வாசித்துவிட்டுத் திறவுங்கள்.

ட்ரூயிட், திராவிட... ரெண்டும் ஒரே சொல்னு படிச்சேன். நெசமா?

இல்லை. ‘ட்ரூயிட்’ கெல்ட் மொழிச் சொல். முன்பகுதி மரத்தையோ உறுதியையோ குறிக்கிறது, பின்பகுதி ‘அறிதல்’. அந்தப் பின்பகுதிக்கு உறவு சமஸ்கிருத ‘வித்’. ‘திராவிட’ என்பதோ ‘தமிழ்’ என்ற பெயரோடு தொடர்புடைய சொல். அதை மொழிக் குடும்பப் பெயராக நிலைநிறுத்தியது கால்டுவெல்லின் 1856 நூல். ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கட்டினால் உலகில் எதையும் எதோடும் கட்டலாம்.

ட்ரூயிட்களும் வேதம் ஓதியவர்களும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்று எழுதும் நூல்களும் உண்டு. கெல்ட் மொழிகளும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பது நிச்சயம். வாய்மொழிக் கல்வியில் ஒற்றுமை தெரிவதும் உண்மை. அதற்கு மேல் போவதெல்லாம் ஊகம். நல்ல நூல் அதை ஊகம் என்றே எழுதும்.

பெரிய அறிஞர்களே ஒருத்தருக்கொருத்தர் மாத்தி எழுதுறாங்களே, யாரை நம்புறது?

ஒரு உதாரணம். 1984-இல் இங்கிலாந்தின் செஷயரில் கரிச்சேற்று நிலத்தில் பதப்பட்ட ஓர் ஆணுடல் கிடைத்தது. லிண்டோ மனிதன் என்று பெயர், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயிற்றில் கருகிய ரொட்டியும் சில புல்லுருவி மகரந்தத் துகள்களும் இருந்தன. பலியிடப்பட்ட ட்ரூயிட் இளவரசன் இவன் என்று ஆன் ராஸ் என்ற கெல்ட் அறிஞர் 1989-இல் டான் ராபின்ஸோடு சேர்ந்து ஒரு நூலே எழுதினார். ஹட்டன் அதே உடலைப் பார்த்து, அத்தனை பெரிய முடிவுக்கு இந்தச் சான்று போதாது என்கிறார். உடலின் வயதைக் கணித்த ஆய்வகங்களின் முடிவுகள்கூட ஒத்துப்போகவில்லை.

இருவரையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். கிடைத்த பொருள் எது, அதிலிருந்து கட்டிய கதை எது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். மகரந்தம் பொருள். இளவரசன் கதை. இப்படி நாலைந்து நூல் குறித்துவிட்டால், என்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உங்களுக்குப் பாதியாகக் குறைந்துவிடும். மீதியைக் கேளுங்கள், இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன்.